மழலைக்கும் மறதிக்கும் பொதுவான பாட்டு எது?

சிங்கப்பூரில் 5 வயதுப் பிள்ளைக்கும் 85 வயது மூதாட்டிக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு எது? தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். முருகன் பாட்டு என்பார் ஒருவர். பழைய திரைப்பாடல் என்பார் இன்னொருவர். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னால் இரண்டும் நிற்பதில்லை. நிற்பது நாட்டுப்பண். சுபிர் சயித் 1958இல் இயற்றி, 1959 டிசம்பரில் நாட்டுப்பண்ணாக அறிமுகமான ‘மஜுலா சிங்கப்பூரா’. 1940இல் பிறந்தவருக்கு அப்போது 19 வயது. இன்றைய பிள்ளைகளில் பலர் பாலர் பள்ளியிலேயே கொடிக்கு முன் நின்று அதைக் கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்ப் பாட்டிக்கும் தமிழ்ப் பேத்திக்கும் பொதுவாகக் கிடைத்த அந்தப் பாட்டின் மொழி மலாய்.

இந்த விடையை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதுமைமறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்களையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் இசையைச் சாக்காக வைத்து ஓரறையில் உட்காரவைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன, இங்கும் நடக்கின்றன. பார்க்கிறவர் கண் கலங்கிவிடும். அதனாலேயே இதைப் பற்றி மிகைப்படுத்தியும் பேசிவிடுகிறோம். பாட்டைக் கேட்டதும் பாட்டிக்கு நினைவு திரும்பிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் எனக்கும் வருகின்றன. அங்கே திரும்பி வருவதை நினைவு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அது என்ன, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஏன் எளிதாக வருகிறது, தமிழ் பேசும் முதியவருக்கு மட்டும் இந்த ஊரில் ஏன் கொஞ்சம் தடுமாறுகிறது என்பவை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள்.

டிமென்ஷியாவின் வகைகளில் ஒன்றான அல்ஸைமர் நோய் முதலில் கைவைப்பது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும். காலையில் இட்லி சாப்பிட்டோமா, மாத்திரை போட்டோமா என்ற அன்றாடக் கணக்கைப் பதிந்துவைக்க அது வேண்டும். அது பழுதானதும் ஒரே கேள்வி பத்து முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறைதான். ஆனால் பூத்தொடுக்கும் விரல், சைக்கிளில் ஏறியதும் தானே சமநிலை தேடும் உடல், பாட்டின் ஓரடி முடிந்ததும் அடுத்த அடிக்குத் தாவும் வாய் ஆகியவை வேறு பாதைகளை நம்பி இருப்பவை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் இடத்தையே சுட்டிக்காட்டியது. நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எவ்விடம் இயங்குகிறது என்று முதலில் நோயற்ற இளையவர்களிடம் கண்டறிந்தார்கள். பிறகு அல்ஸைமர் நோயாளிகளிடம் அதே இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். மற்றப் பகுதிகளோடு ஒப்பிட, அசைவைத் திட்டமிடுவதில் பங்குகொள்ளும் அந்த இடம் குறைவாகவே சிதைந்திருந்தது.

பாட்டும் அசைவும் அண்டைவீட்டுக்காரர்கள் என்றால், பேச்சு நின்றுபோனவர் பாட்டுக்குக் கைதட்டுவதும் கால் அசைப்பதும் புதிரில்லை. தன் மகளின் பெயரை அவர் மீட்டுவிடவில்லை. உடல் ஒரு பழைய வேலையை ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பது வேறு விஷயம்.

எந்தப் பாட்டு தங்கும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் கேட்டதும் கண்டதுமே முதுமையில் அதிகம் எழுந்து வருகின்றன என்பது உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்ட உண்மை. இதைச் சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். 1945இல் பிறந்தவருக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் கோலோச்சிய காலம் பதின்பருவம், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் வானொலி வழியே வீட்டு மனிதர்கள் ஆனார்கள். தைப்பூச ஊர்வலத்தில் அவர் உறுமியும் மேளமும் கேட்டே வளர்ந்தார். 1973இல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தபோது அவருக்கு 28 வயது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தபோது 71. நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு முழுத் தலைமுறைக்கு ஊர்வலத்தின் மேளச் சத்தம் பெரியவர்கள் சொன்ன கதை. அவருக்கோ அது இளமையின் சத்தம். சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் கால் உறுமிக்கு அசைந்தால், 1973க்கு முந்தைய சிராங்கூன் சாலையில் அவர் நடந்துகொண்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

1955இல் பிறந்தவர் கதை வேறு. இளையராஜா 1976இல் திரையுலகுக்கு வந்தபோது அவருக்கு 21. இன்று அவர் 70ஐ எட்டிவிட்டார். ஆனாலும் முதியவர் என்றாலே பக்திப் பாடல் என்று முடிவுகட்டி, காலைமுதல் மாலைவரை ஒரே குறுந்தட்டை ஓட்டும் வழக்கம் வீடுகளிலும் இல்லங்களிலும் இன்னும் போகவில்லை. இன்னும் 60 ஆண்டுகளில் தாதிமை இல்லங்களில் அனிருத் ஒலிக்கப்போகிறார். அன்றைய தாதியர் அதைத் தாத்தா காலத்து மெல்லிசை என்று சொன்னாலும் சொல்வார்கள்.

தொண்ணூறைத் தாண்டியவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அவர்களின் பிள்ளைப்பருவம் 1942 முதல் 1945வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்குள் விழுகிறது. பள்ளியில் ஜப்பானியப் பாட்டுப் பாடியவர்கள் அவர்கள். பழைய பாட்டு என்பதாலேயே அது இனிய பாட்டாகிவிடாது. தாலாட்டும் அப்படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் தாலாட்டு எதைக் கிளறும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இனி பிள்ளைகள் பக்கம். கனடாவில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கி வைத்துக்கொண்டு இசைக்கேற்ப மெல்லக் குதிக்கவைத்தார். எதிரே நின்ற ஆய்வாளர் சில குழந்தைகளோடு அதே தாளத்தில் குதித்தார், சிலரோடு தாளம் தப்பிக் குதித்தார். பிறகு அவர் கைதவறியதுபோல் பொருள்களைக் கீழே போட்டபோது, தாளம் ஒத்துக் குதித்த குழந்தைகளே அதிகம் எடுத்துக்கொடுத்தார்கள். 2010இல் லைப்சிக்கிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு நான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஒரே விளையாட்டைச் சிலர் பாடி ஆடி விளையாடினார்கள், சிலர் பாட்டில்லாமல் விளையாடினார்கள். பின்னர் உடனிருந்த பிள்ளையின் கையிலிருந்த கோலிக்குண்டுகள் சிதறியபோது, பாடி ஆடியவர்களே ஓடிப்போய் உதவியது அதிகம். பேசத் தெரியுமுன்னே, நம்மோடு ஒரே தாளத்தில் அசைகிறவரை நம்மவராக எடுத்துக்கொள்ளும் இயல்பு மனிதக் குழந்தைக்கு இருக்கிறது போலும். அந்த ‘நம்மவர்’ 80 வயதுக்காரராக இருந்தால் பிள்ளைக்கு என்ன போயிற்று?

இங்கேதான், என் பார்வையில், மொத்த விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. பேச்சு எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் உணர்வதே இல்லை. எதிரில் இருப்பவர் எப்போது முடிப்பார் என்று ஊகிக்க வேண்டும், அதற்குள் பதிலைத் தயாரிக்க வேண்டும், இடைவெளி வந்ததும் நுழைய வேண்டும். இதில் சில விநாடி பிந்தினால் போதும், மற்றவர் பொறுமை இழந்து தாமே பதில் சொல்லிவிடுகிறார். டிமென்ஷியா உள்ளவர் இப்படித்தான் ஒவ்வொரு உரையாடலிலிருந்தும் மெதுவாக வெளியே தள்ளப்படுகிறார். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இதே கதி: சொல் தேடி முடிப்பதற்குள் பெரியவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. எப்போது வாய் திறக்க வேண்டும் என்பதைத் தாளமே சொல்லிவிடுகிறது, அடுத்து என்ன என்பதை மெட்டு எடுத்துக்கொடுக்கிறது. இருவரும் ஒரே நொடியில் ஒரே சொல்லில் வந்து நிற்கலாம். பாலர் பள்ளி ஆசிரியர்கள் ஓரடியைப் பாடிக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துவார்கள். பிள்ளைகள் ஒரே குரலில் அதை நிரப்புவார்கள். நோயாளிகளைப் பேசவைக்க இசைச் சிகிச்சையாளர்கள் கையாள்வதும் ஏறக்குறைய இதே உத்திதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்துவிட்டால், பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் பரீட்சை வைக்கிறோம். ‘நான் யார் சொல்லுங்கள்?’ ‘என் பெயர் ஞாபகம் இருக்கிறதா அத்தை?’ பாசத்தில்தான் கேட்கிறோம். விடை தெரியாதவரின் முகத்தில் ஓடும் கலவரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்கிறோம். நான்கு வயதுப் பிள்ளை இதைக் கேட்பதே இல்லை. தன்னை அடையாளம் தெரிகிறதா என்ற கவலை அதற்கு இல்லை. தாத்தா நேற்று எப்படி இருந்தார் என்பதோடு இன்றைய தாத்தாவை ஒப்பிட்டு ஏங்குவதும் இல்லை. அதே பாட்டை எட்டாவது முறை பாடச் சொன்னால் நமக்கு அலுத்துவிடும். பிள்ளைக்கு அது கொண்டாட்டம், முதியவருக்கு அது முதல் முறை. இவ்வளவு கச்சிதமாக இருவர் தேவையும் பொருந்துகிற இன்னொரு பொழுதுபோக்கை நான் பார்த்ததில்லை.

சரி, மருத்துவச் சான்று எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் குறைந்தது ஐந்து அமர்வுகளாவது இசை வழங்கப்பட்ட 22 சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டது. மனச்சோர்வு அறிகுறிகள் குறையக்கூடும், நடத்தைச் சிக்கல்களில் பொதுவாக முன்னேற்றம் இருக்கக்கூடும் என்றது. கிளர்ச்சி, முரட்டுத்தனம் ஆகியவற்றிலும் அறிவாற்றலிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அமர்வுகள் நின்று நான்கு வாரம் கழிந்த பிறகு என்ன மிஞ்சும் என்பது உறுதியாகவில்லை. அவை இசை பற்றிய சோதனைகள். பிள்ளைகளையும் உடன் சேர்த்துச் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஆகவே ‘இசை நோயைக் குணப்படுத்தும்’ என்று யாராவது கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். அரைமணி நேரம் முகம் மலர்ந்திருக்கும், அன்று மதியம் சாப்பாடு கொஞ்சம் இலகுவாக இறங்கும் என்று சொன்னால் நம்பலாம்.

சிங்கப்பூருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். மனநலக் கழகம் நடத்திய ஆய்வின்படி, 2013இல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருந்தது. 2023இல் அது 8.8 விழுக்காடு. விகிதம் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் மூத்தோர் கூட்டமே பெருத்துவிட்டதால் நோயுடன் வாழ்வோரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. 2030வாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். இடமோ குறைவு. முதியவருக்கு ஓரிடம், குழந்தைக்கு வேறோர் இடம் என்று தனித்தனியே கட்ட இங்கே நிலம் ஏது? 2015இல் வெளியான மூப்படைதல் செயல்திட்டத்திலேயே, புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகள் சிலவற்றில் முதியோர் பராமரிப்பையும் குழந்தைப் பராமரிப்பையும் சேர்த்தே அமைக்கும் எண்ணம் இடம்பெற்றது. உட்லண்ட்ஸில் கம்போங் அட்மிரல்ட்டி எழுந்தது. மூத்தோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம், பாலர் பராமரிப்பு, மூத்தோர் நிலையம் எல்லாம் ஒரே கட்டடத்தில். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் வாங்கியது. ஜூரோங்கில் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தின் வளாகத்தில் தாதிமை இல்லமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் சேர்ந்தே இயங்குகின்றன. இந்த யோசனைக்கு முன்னோடியாக ஜப்பானைச் சொல்வார்கள். தோக்கியோவில் கோத்தோயென் என்ற இல்லம் 1976இலேயே முதியோரையும் மழலையரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்துவிட்டது.

கூரை ஒன்றானால் போதுமா? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இருந்தும், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மட்டும் வரிசையாக வந்து இரண்டு பாட்டுப் பாடி, ஆரஞ்சுப் பழமோ இனிப்புப் பொட்டலமோ கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அந்த உறவு அன்றோடு சரி. பிள்ளைகள் முதியோருக்கு முன்னால் பாடுவது கச்சேரி. முதியோரோடு பாடுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்: அதே ஆறேழு பிள்ளைகள், அதே முதியவர்கள், வாரந்தோறும் அதே நேரம், எல்லாரும் வட்டமாக, பிள்ளையின் கண்ணும் சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணும் ஒரே உயரத்தில். நேரம் காலையாக இருப்பது நல்லது; பொழுது சாயச் சாயக் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் பலருக்கு உண்டு. அரைமணிக்கு மேல் இருதரப்பும் தாங்காது. முதல்பாட்டு எப்போதும் ஒன்றே, கடைசிப் பாட்டும் ஒன்றே. நினைவில்லாதவருக்கும் உடலுக்குப் பழகிவிடும்.

சத்தம் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 20 பிள்ளைகள் கையில் சலங்கையும் ஜால்ராவும் கொடுத்து அறையைப் பூட்டினால், காதுக்கருவி மாட்டிய முதியவருக்கு அது வதை. கைத்தட்டலும் தொடைத்தாளமும் போதும், காசும் மிச்சம். சுருதியும் ஒரு தொல்லை. வயதான பெண்களின் குரல் கீழே இறங்கிவிடுகிறது, பிள்ளைகளின் குரலோ மேலே நிற்கிறது. அசல் இசைத்தட்டைப் போட்டால் சுசீலாவின் உச்சத்துக்கு அந்தக் காலத்து ரசிகையால் இன்று போக முடியாது, வாயை மூடிக்கொண்டு விடுவார். யாராவது ஒருவர் வெறுங்குரலில், இரண்டு பேரும் தொடக்கூடிய நடுவிடத்தில், வழக்கத்தைவிட மெதுவாகப் பாடினால் போதும். நல்ல குரல் வேண்டியதில்லை. காத்திருக்கத் தெரிந்த குரல் வேண்டும்.

நோய்த்தொற்றும் உண்மையான இடர். கை, கால், வாய் நோய் ஒரு பாலர் பள்ளியில் புகுந்தால் அந்த வாரம் சந்திப்பை ரத்து செய்வதே முறை. 2020இல் கொவிட் வந்தபோது தாதிமை இல்லங்களின் கதவுகள் சொந்தப் பிள்ளைகளுக்கே மூடப்பட்டன.

இப்போது ஓரமாக வைத்த நாட்டுப்பண்ணை எடுத்துக்கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3. ஆங்கிலமோ 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3க்கு ஏறியிருக்கிறது. இந்த எண்களைத் தாய்மொழிக் கவலையாகப் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம். டிமென்ஷியா அறைக்குள் அவை வேறு பொருள் கொள்கின்றன. நோய் முற்ற முற்ற, பின்னாளில் கற்ற மொழி நழுவி, முதலில் கற்ற மொழிக்கே திரும்பும் முதியவர்களைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. 40 ஆண்டுகள் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசியவர் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கிறார். அதே வீட்டில் பேத்தி ஆங்கிலத்தில் மட்டும் தண்ணீர் கேட்கிறாள். பாட்டி தமிழை நோக்கிப் போகும் வேகத்தில் பேத்தி தமிழிலிருந்து விலகிப் போகிறாள். இருவரும் ஒருவரையொருவர் கடக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் பாட்டுக்கு வேலை.

பல இன முதியவர்கள் வரும் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் என் பெரியம்மாவை ஓராண்டு விட்டிருந்தோம். நல்ல மனிதர்கள், நல்ல கவனிப்பு. பாட்டு நேரம் வந்தால் ஹொக்கியன் பாட்டு, மாண்டரின் பாட்டு, ஆங்கிலத்தில் இரண்டு. பெரும்பான்மை எதுவோ அதைத்தான் பாடுவார்கள், குறைசொல்ல முடியாது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருப்பார், ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல. ‘உங்கள் அம்மாவுக்கு இசை பிடிக்காதோ?’ என்று ஒருநாள் கேட்டார்கள். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் கும்மியடித்து வளர்ந்தவர் அவர்.

தமிழ்ப் பாட்டு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கடையநல்லூர்க் குடும்பத்துப் பாட்டிமாவிடம் நாகூர் ஹனிபாவின் குரல் செய்வதை முருகன் பாட்டு செய்யாது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடியவருக்கு அதுவே இளமை. துறைமுகத் தொழிலாளி கேட்டது வேறு, தமிழாசிரியர் கேட்டது வேறு. பட்டியலை நிலையம் எழுதித் தர முடியாது. வீட்டார்தான் எழுத வேண்டும். மருந்துப் பட்டியலோடு பத்துப் பாட்டுகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எந்தத் தாதியும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தும் தெரியாதே? எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒன்று மலாய். முன்னோடித் தலைமுறைத் தமிழர்கள் பலர் சந்தை மலாயில் சரளமானவர்கள். ‘ராசா சாயாங்’ என்று தொடங்கினால் சீன ஆச்சி, மலாய்ப் பாட்டி, தமிழ்த் தாத்தா மூவரும் தொடர்வார்கள். இரண்டாவது, எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’. தேசிய தினக் கொண்டாட்டங்களின் புண்ணியத்தால் பிற இனத்தவர் வாயிலும் புழங்கும் தமிழ்ப் பாட்டு இந்த ஊரில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தன் மொழியை அறையே சேர்ந்து பாடுவதைக் கேட்கும் முதியவரின் முதுகு நிமிர்வதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

மூன்றாவது, விளையாட்டுப் பாட்டு. தமிழுக்குப் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. அதன் பருவங்களைக் கொஞ்சம் இந்தக் கண்ணோடு பாருங்கள். தலையசைத்தாடும் செங்கீரை, நாவசைத்துத் தாலாட்டும் தால், கைகொட்டும் சப்பாணி, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி, சிறுபறை முழக்கும் பருவம். குழந்தை வளர்வதை நம் புலவர்கள் தாளத்தாலும் அசைவாலும் அளந்திருக்கிறார்கள். புலவர்களின் நூல் நம்மில் பலர் படித்ததில்லை. அதன் வீட்டுப் பதிப்பு எல்லாத் தமிழ்ப் பாட்டிகளிடமும் உண்டு: கைவீசச் சொல்லும் பாட்டு, சாய்ந்தாடச் சொல்லும் பாட்டு, நிலாவை ஓடிவரச் சொல்லும் பாட்டு, உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து, ஆளாளுக்குப் பங்கு வைத்துக் கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் பாட்டு. மதம் இவற்றைப் பிரிப்பதில்லை. சொற்கள் நான்கைந்து, தமிழ் தெரியாத பிள்ளையும் இரண்டாம் முறையே பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, இவற்றில் யார் யாருக்குச் செய்கிறார்கள் என்பது தெளிவு. பாட்டிதான் கடைகிறார். பிள்ளைதான் கை நீட்டுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மழலையரையும் முதியோரையும் சேர்த்து உட்காரவைக்கும் அமர்வுகளில் ஒரு குழி உண்டு: முதியவரையும் குழந்தையாக்கிவிடுவது. ஆங்கில மழலைப் பாட்டைப் போட்டு, ‘தாத்தா, கை தட்டுங்கள், வெரி குட்’ என்று 80 வயது மனிதரைப் பாராட்டினால், நினைவு போனாலும் மானம் போகாத அவருக்கு அது தைக்கும். சிலர் எழுந்து போய்விடுவதும் அதனால்தான். தாத்தா ஒருகாலத்தில் தன் பிள்ளைக்குப் பாடிய பாட்டை இன்று இன்னொரு பிள்ளைக்குப் பாடினால், அங்கே அவர் பெரியவர், தெரிந்தவர், கொடுப்பவர்.

பெரியம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அண்ணனின் பேத்திக்கு நான்கு வயது. மாலையில் பாலர் பள்ளியிலிருந்து நேரே அங்கே வந்துவிடுகிறாள். பேசிக்கொள்ள இருவருக்கும் பொதுவாக 20 சொற்கள் இருந்தால் அதிகம். காலணியைக் கழற்றியதும் அவள் போய்க் கையை நீட்டுவாள். முதலில் சில மாதம் பெரியம்மா தாமாகவே கடையத் தொடங்கிவிடுவார். இப்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், யாராவது முதல் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டும். அண்ணியோ அண்ணனோ அந்த நேரம் வேலையிலிருந்து திரும்பியிருப்பதில்லை. சமையலறையிலிருந்து, கைவேலையை நிறுத்தாமலே, பருப்பு என்பதற்குப் பொருள்கூடத் தெரியாமல், மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண்தான் அதை எடுத்துக்கொடுக்கிறார்.